எதிர் சீட்ல என்ன டவுட்?



ஃபைனல் இயர் ஹாஸ்டல் பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. கேரம் போர்டு சுவத்துல சாஞ்சு தூங்கும். அயர்ன் பாக்ஸுக்கு க்யூ நிக்கும். ஒரே ஒரு டை நாலு ரூமுக்குச் சுத்தி வரும். அதைவிட வேகமா சுத்தறது ஒரு ஜெராக்ஸ் பேப்பர். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' கேள்விக்கு, எந்தக் காலத்துலயோ எந்த சீனியரோ எழுதி வெச்ச பதில்! ஐ.டி. கம்பெனிக்கும் அதேதான், பம்ப் கம்பெனிக்கும் அதேதான், பேங்க் வேலைக்கும் அதேதான். 'ஐ ஆம் எ ஹார்டு வொர்க்கர், குயிக் லேர்னர், டீம் ப்ளேயர்...' ஒரே நாள்ல நாப்பது பேர் வாயால இதைக் கேட்கிற அந்த ஹெச்.ஆரை நினைச்சா பாவமா இல்ல?

'இன்டர்வியூ'ன்னு ஒரே பேர் வெச்சிருக்கோமே தவிர, அது ஒண்ணு இல்ல பாஸ். கல்யாண வீட்டுக்குப் போற சட்டையையே துக்க வீட்டுக்கும் போட்டுட்டுப் போவோமா? ஆனா இன்டர்வியூ விஷயத்துல நாம அதைத்தான் செய்றோம்.

நானே இன்னும் தேர்ட் இயர்தான். அதனால உபதேசம் பண்ற வயசு இல்ல. வேலைக்குப் போயிட்ட சீனியர்ஸையும், பிளேஸ்மென்ட் செல்காரங்களையும் டீ வாங்கிக் கொடுத்து நச்சரிச்சதுல ஒரு விஷயம் புரிஞ்சுது. எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உங்களைப் பத்தி ஒரு டவுட் இருக்கு. தப்பான ஆளை எடுத்துட்டா நாளைக்குத் திட்டு வாங்கப் போறது அவர்தான். அந்த டவுட்டைத் தீர்த்துக்கத்தான் அத்தனை கேள்வியும். வேலைக்கு வேலை அந்த டவுட் மாறும். அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு ரெடியானா பாதிக் கிணறு தாண்டியாச்சு. வாங்க, ஒவ்வொரு சீட்டா பார்ப்போம்.

'இவர் சேருவாரா, நிலைப்பாரா?'

இது கேம்பஸ் ஹெச்.ஆரோட டவுட். நூத்துக்கணக்குல ஆள் எடுக்கிற கம்பெனிக்குப் பெரிய தலைவலி, ஆஃபர் லெட்டரை வாங்கி வெச்சுக்கிட்டு ஜாய்னிங் அன்னிக்கு வராம போறவங்க. அதனாலதான் 'ஹைதராபாத் போட்டா போவீங்களா?', 'நைட் ஷிஃப்ட் ஓகேவா?', 'மேல படிக்கிற ஐடியா இருக்கா?'ன்னு கேட்பாங்க. இதையெல்லாம் வீட்டில முன்கூட்டியே பேசி முடிவு பண்ணிட்டுப் போங்க. இன்டர்வியூ ரூம்ல உட்கார்ந்து 'அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்'னா கதை கந்தல்.

'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னா ரெஸ்யூமே-ல இருக்கிறதை ஒப்பிக்கச் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல. அது அவங்க கையிலயே இருக்கு. நீங்க யாரு, இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க, இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க... இந்த மூணு போதும், ஒன்றரை நிமிஷத்துல. உதாரணத்துக்கு: 'எனக்குப் போடிநாயக்கனூர். அப்பா ஏலக்காய் எஸ்டேட்ல சூப்பர்வைசர். செகண்ட் இயர் லீவுல அவரோட எடைக் கணக்கை எக்ஸெல்ல போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் டேட்டாபேஸ் மேல ஆசை வந்துச்சு. ஃபைனல் இயர் புராஜெக்ட்டும் அதுலதான் பண்றேன்.' அவ்ளோதான். இதுல 'ஹார்டு வொர்க்கர்'ங்கிற வார்த்தையே இல்ல. ஆனா கேட்கிறவருக்கு அது தானா தெரியும்.

அடுத்து, 'ஒரு பிரச்னையை எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க' டைப் கேள்விகள். இதுக்கு நாலு படி வெச்சுக்கங்க: நிலைமை, என் பொறுப்பு, நான் செஞ்சது, முடிவு. 'சிம்போசியத்துக்கு 200 பேர் எதிர்பார்த்தோம், 340 பேர் வந்துட்டாங்க. சாப்பாட்டு கூப்பன் என் பொறுப்பு. மெஸ் அண்ணன்கிட்ட ஓடிப்போய் லெமன் சாதமும் தயிர் சாதமும் உடனே போடச் சொன்னேன். வெளியூர் காலேஜ்காரங்களுக்கு முதல் பந்தி, நாங்க கடைசிப் பந்தி. யாரும் பசியோட போகல.' நாலு வரி, நாலு படி. இந்த மாதிரி உங்க சொந்தக் கதை நாலைஞ்சு ரெடியா இருந்தா, எந்தக் கேள்வி வந்தாலும் ஒண்ணு கை கொடுக்கும்.

கதை எதுக்கு, காரணம் இருக்கு. 1998-ல ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்கள், ஆள் எடுக்கிற முறைகளைப் பத்தி 85 வருஷமா நடந்த ஆராய்ச்சிகளை ஒண்ணாத் தொகுத்தாங்க. மனசுக்குத் தோணினதைக் கேட்கிற இன்டர்வியூவைவிட, எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோல்ல மார்க் போடற இன்டர்வியூதான் ஆளைச் சரியா கணிக்குதுன்னு சொன்னாங்க. 2022-ல பால் சாக்கெட் குழு அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தப்போ, எல்லா முறைகளிலும் அந்த மாதிரி இன்டர்வியூ முதலிடத்துக்கே வந்துச்சு. அதனால பல கம்பெனிகள்ல எதிர்ல இருக்கிறவர் கையில ஒரு மார்க் ஷீட் இருக்கும். உங்க புன்னகைக்கு அதுல கட்டம் இல்ல. நீங்க என்ன செஞ்சீங்கங்கிறதுக்குத்தான் கட்டம்!

'இவருக்குப் புரிஞ்சிருக்கா, மனப்பாடமா?'

இது டெக்னிக்கல் ஆளோட டவுட். அவர் ஹெச்.ஆர். மாதிரி சிரிக்க மாட்டார். பேப்பரும் பேனாவும் தள்ளுவார். கேட்கிறது பெரும்பாலும் பாலபாடமாதான் இருக்கும். ஆனா 'என்ன?'ன்னு ஆரம்பிச்சு 'ஏன்?'ல போய் நிக்கும்.

ட்ரிபிள் ஈ-யா? 'டிரான்ஸ்ஃபார்மர் ரேட்டிங்கை ஏன் கிலோவாட்ல போடாம கே.வி.ஏ.-ல போடறாங்க?' (காப்பர் லாஸ் கரன்ட்டைப் பொறுத்தது, கோர் லாஸ் வோல்டேஜைப் பொறுத்தது, பவர் ஃபேக்டருக்கு அதுல பங்கு இல்ல.) சிவிலா? 'எம் 20 கான்கிரீட்ல அந்த 20 என்ன?' (28 நாள்ல, 150 மில்லிமீட்டர் க்யூப் தாங்க வேண்டிய அழுத்தம், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்.) மெக்கானிக்கலா? மைல்டு ஸ்டீலோட ஸ்ட்ரெஸ் - ஸ்ட்ரெயின் கர்வை வரையச் சொல்லிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் விரல் வைப்பார். ஈ.சி.ஈ-யா? லாட்சுக்கும் ஃப்ளிப் ஃப்ளாப்புக்கும் என்ன வித்தியாசம்? கம்ப்யூட்டர் சயின்ஸா? எஸ்.க்யூ.எல்-ல ரெண்டாவது அதிக சம்பளம் வாங்கறவரைக் கண்டுபிடிங்கன்னு கேட்பார். 'ரெண்டு பேருக்கு ஒரே சம்பளம்னா?'ன்னு அடுத்த பந்து வரும்.

ரெஸ்யூமே-ல போடற ஒவ்வொரு வார்த்தையும் நீங்களே எதிராளிக்குக் கொடுக்கிற கேள்வித்தாள். ரெண்டு வாரம் தொட்ட சாஃப்ட்வேரை எல்லாம் 'திறமைகள்' லிஸ்ட்ல ஏத்தினா, முதல் கேள்வியே அதுலேர்ந்துதான் வரும். பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியாதது எதுவா இருந்தாலும் அடிச்சுடுங்க. புராஜெக்ட் விஷயத்துல இன்னும் உஷார். நாலு பேர் டீம்ல உங்க பங்கு எது? அந்த சென்சார், அந்த மாட்யூல், அந்த அல்காரிதம்... ஏன் அதையே எடுத்தீங்க, வேற எடுத்திருந்தா என்ன ஆகும்? கடையில காசு கொடுத்து வாங்கின புராஜெக்ட் இந்த இடத்துலதான் பல்லை இளிக்கும்.

தெரியலைன்னா? 'தெரியாது சார்'னு சொல்றது தப்பே இல்ல. அதோட வாயை மூடிக்கிறதுதான் தப்பு. 'இது எனக்குத் தெரியாது சார். ஆனா இதுக்குப் பக்கத்துல இதைப் படிச்சிருக்கேன். அதை வெச்சு யோசிச்சா இப்படித்தான் இருக்கணும்'னு சத்தமா யோசிங்க. அவர் பார்க்க விரும்பறது அந்த யோசனையைத்தான். 'விமானத்துல எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும்?' மாதிரி மண்டை காய வைக்கிற புதிர்களைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அந்தப் புதிர்களுக்குப் பேர்போன கூகுள்லயே, ஆள் எடுக்கிற பிரிவுக்குத் தலைவரா இருந்த லாஸ்லோ பாக், அதெல்லாம் வெட்டி வேலைங்கிற அர்த்தத்துல 2013-லயே பேசிட்டார்.

'மத்தவங்க பேசறப்போ இவர் காது வேலை செய்யுதா?'

குரூப் டிஸ்கஷன்! எட்டுப் பேர், பத்து நிமிஷம், மீன் மார்க்கெட் சத்தம். முதல்ல யார் ஆரம்பிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் மார்க்குன்னு ஒரு மூடநம்பிக்கை ஊர் ஊரா பரவியிருக்கு. விஷயம் இல்லாம முதல்ல ஆரம்பிச்சா, விஷயம் இல்லைங்கிறதும் முதல்லயே தெரிஞ்சு போகும். மூணு முறை பேசினாப் போதும். ஒருமுறை புதுசா ஒரு பாயின்ட். ஒருமுறை இன்னொருத்தர் சொன்னதை ஒட்டியோ வெட்டியோ ஒரு பாயின்ட். கடைசியில ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு சுருக்கம். நடுவுல யாராவது வாயைத் திறக்க முடியாம தவிச்சா, 'அவங்க ஏதோ சொல்ல வர்றாங்க, கேட்போமே'ன்னு வழிவிடுங்க. அந்த ஒரு வாக்கியம் மூலையில உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவர் கண்ணுக்குத் தப்பாது.

'நாளைக்குக் காலையில வேலையில இறங்குவாரா?'

கேம்பஸ்ல கிடைக்கலைன்னா உலகம் முடிஞ்சு போச்சா என்ன? அம்பத்தூர், கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்னு நம்ம ஊர்ல மெஷின் ஓடாத இடம் ஏது? சின்ன, நடுத்தரக் கம்பெனிகள்ல இன்டர்வியூ எடுக்கிறவர் பெரும்பாலும் ஹெச்.ஆர். கிடையாது. புரொடக்‌ஷன் மேனேஜர், சில இடத்துல முதலாளியே! மெஷின் சத்தத்துக்கு நடுவுலதான் பேச்சு. அவர்கிட்ட ஆறு மாச டிரெய்னிங் கொடுக்க நேரமும் இல்ல, ஆளும் இல்ல.

இங்கே ஜி.டி. கிடையாது. டேபிள்ல இருக்கிற வெர்னியரை எடுத்து நீட்டி 'இந்தத் துண்டை அளந்து சொல்லு தம்பி'ம்பார். சாதாரண மெட்ரிக் வெர்னியர்னா 0.02 மில்லிமீட்டர் வரைக்கும், மைக்ரோமீட்டர்னா 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் அளக்கலாம்னு வாயால சொன்னா பத்தாது, கையும் பேசணும். டிராயிங்கைக் கொடுத்து டாலரன்ஸ் படிக்கச் சொல்வார். அதனால லேப்ல ரெக்கார்டு நோட்டை மட்டும் காப்பி அடிக்காம கருவியைக் கையில எடுங்க. போறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி என்ன பண்ணுது, யாருக்கு சப்ளை பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கங்க. வாசல்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட பத்து நிமிஷம் பேசினாலே பாதித் தகவல் கிடைச்சுடும். 'ஷாப் ஃப்ளோர்ல நிக்கணும், சனிக்கிழமையும் வரணும், ஓகேவா?'ன்னு கேட்டா, யோசிச்சு உண்மையைச் சொல்லுங்க. சேர்ந்து ரெண்டே மாசத்துல ஓடிப் போறதைவிட அது ரெண்டு பேருக்கும் நல்லது.

'திரைக்குப் பின்னாடி இருக்கிறது இவரேதானா?'

வீடியோ இன்டர்வியூ ரெண்டு வகை. ஒண்ணுல எதிர்ல ஆள் இருப்பார். இன்னொண்ணுல ஆளே இல்ல. கேள்வி திரையில வரும், நேரம் ஓடும், நீங்க பேசறது பதிவாகும். முகபாவத்தை வெச்சு கம்ப்யூட்டரே மார்க் போடுதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க. இந்தத் துறையில பெரிய கம்பெனியான ஹயர்வியூ, முகத்தை ஆராயற வேலையை நிறுத்திட்டதா 2021 ஜனவரியில அறிவிச்சுடுச்சு. அதனால முகத்தை விறைப்பா வெச்சுக்கிட்டு அவஸ்தைப்பட வேண்டாம். பேச்சுல கவனமா இருங்க.

வெளிச்சம் முகத்துல விழற மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்காருங்க. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தா நீங்க நிழல் பொம்மைதான். போனைப் புத்தக அடுக்கு மேல கண் உயரத்துக்கு வைங்க. ஹாஸ்டல் வைஃபையை நம்பாம மொபைல் டேட்டா ஒண்ணு கையில இருக்கட்டும். கதவுல 'இன்டர்வியூ நடக்குது, தட்டாதே!'ன்னு ஒரு பேப்பர் ஒட்டிடுங்க. இல்லைன்னா சரியா அந்த நேரத்துக்குத்தான் ரூம் மேட் சோப்பு கேட்டு வருவான். பக்கத்துல இன்னொரு திரையில ஏ.ஐ. பதில் ஓட விட்டுப் படிக்கிற வித்தையும் வேண்டாம். கண்ணு பக்கவாட்டுல ஓடறது எதிர்ல நல்லாவே தெரியும். நடுவுல ஒரு 'ஏன்?' கேட்டா மொத்தமும் சரிஞ்சுடும்.

'பணத்தையும் பதவியையும் இவரை நம்பி விடலாமா?'

அரசு வேலைன்னாலே இன்டர்வியூ, சிபாரிசுன்னு இன்னும் நிறைய வீட்டுல நினைக்கிறாங்க. மத்திய அரசுல குரூப் சி, கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1-லேர்ந்தே இன்டர்வியூ கிடையாது. நம்ம டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் எழுத்துத் தேர்வு மார்க்தான். அதுக்கு 'இன்டர்வியூல பார்த்துக்கலாம், கொஞ்சம் செலவாகும்'னு யாராவது சொன்னா, அந்த ஆளோட டீ கூடக் குடிக்காதீங்க.

பேங்க் பி.ஓ-வுக்கு இன்டர்வியூ உண்டு. ஐ.பி.பி.எஸ். தேர்வுல அதுக்கு 100 மார்க். பொதுப் பிரிவுக்குக் குறைஞ்சது 40 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35 சதவீதம் எடுக்கணும். இறுதிப் பட்டியல்ல மெயின் தேர்வுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20ங்கிற விகிதம். இன்ஜினீயர்களுக்கு ஆஸ்தான கேள்வி ஒண்ணு நிச்சயம்: 'நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சிட்டு இங்கே ஏன் வர்றீங்க?' 'வேற வேலை கிடைக்கல'ங்கிற உண்மையை விட்டுட்டு வேற உண்மை ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும். ரெப்போ ரேட்னா என்ன, 90 நாள் தவணை வரலைன்னா கடன் ஏன் வாராக்கடன் ஆகுது, ஆர்.டி.ஜி.எஸ்-ல அனுப்ப ஏன் குறைஞ்சது 2 லட்சம் வேணும்... இதெல்லாம் புரிஞ்சு பேசணும். ஒரு நாள் உங்க ஊர் பேங்க் கிளையில போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. நகைக்கடன் கவுன்டர்ல நடக்கிறதை விடப் பெரிய பாடம் எந்த கைடுலயும் இல்ல.

சிவில் சர்வீஸ்னா, மெயின் எழுத்துத் தேர்வு 1750, ஆளுமைத் தேர்வு 275, மொத்தம் 2025 மார்க். அதைத் தமிழ்லயே சந்திக்கவும் வழி இருக்கு. அங்கே கேட்கிறது பொது அறிவு குவிஸ் இல்ல. நீங்க பூர்த்தி பண்ணிக் கொடுத்த விண்ணப்பத்துல ஊர், படிப்பு, பொழுதுபோக்குன்னு போட்டிருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒரு கேள்வி இருக்கும். பொழுதுபோக்கு 'தோட்டம்'னு போட்டுட்டு, வீட்டு வாசல்ல இருக்கிற செடி பேர் தெரியலைன்னா கஷ்டம். உங்க மாவட்டத்துல தண்ணி எங்கேர்ந்து வருது, என்ன விளையுது, ஜனங்க எதுக்காக கலெக்டர் ஆபீஸுக்கு மனு எடுத்துட்டுப் போறாங்க? இதுக்கெல்லாம் பதில் தேட டெல்லி போக வேண்டாம். திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ் வராந்தாவுல நின்னாலே போதும்.

'இவரை நம்பி நாலு பேரை அனுப்பலாமா?'

ராணுவ ஆபீஸர் ஆகணும்னா எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ. ஒரு மணி நேரம் இல்ல, வழக்கமா அஞ்சு நாள்! நம்ம பக்கத்துக்கு பெங்களூரு, மைசூருல நடக்கும். முதல் நாளே வடிகட்டல். மங்கலான படம் ஒண்ணை 30 விநாடி காட்டிட்டு கதை எழுதச் சொல்லுவாங்க. தப்பிச்சவங்களுக்கு மனோதத்துவத் தேர்வு. 60 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 15 விநாடி, மனசுல தோணினதை எழுதணும். 60 சூழ்நிலை, 30 நிமிஷம், என்ன செய்வீங்கன்னு எழுதணும். அப்புறம் மைதானத்துல பலகை, கயிறு, பீப்பாயை வெச்சு குழுவா தடையைத் தாண்டணும். தனி இன்டர்வியூ வேற. எல்லாத்துலயும் தேடறது 15 அதிகாரி குணங்களை. மூணு பேர் மூணு வழியில உங்களை எடை போடறதால வேஷம் போட்டு ஜெயிக்க முடியாது. எழுத்துல ஒரு ஆள், மைதானத்துல ஒரு ஆள், பேச்சுல ஒரு ஆள்னு இருந்தா கடைசி நாள் கான்ஃபரன்ஸ்ல மாட்டிக்குவீங்க. சென்னை பரங்கிமலை ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்கான பாதையும் இதுதான். 1992-லேர்ந்து அங்கே பெண்களும் பயிற்சி எடுக்கிறாங்க. ஸோ... கேர்ள்ஸ், கவனிங்க!

அந்த ரெண்டு முள்ளு

எல்லா ரூம்லயும் குத்தற விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, இங்கிலீஷ். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், வீட்டில முதல் பட்டதாரி, எஜுகேஷன் லோன் வேற. வாயைத் திறந்தா கிராமர் உடைஞ்சிடுமோன்னு பயம். பெரிய வார்த்தையை விட்டுடுங்க. ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம், அவ்ளோதான். கேள்வி புரியலைன்னா 'குட் யூ ரிப்பீட் சார்?'னு கேட்கிறது மரியாதைக் குறைவு இல்ல. தினம் பத்து நிமிஷம் போன்ல உங்க குரலை ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. முதல் நாள் கூச்சமா இருக்கும். பத்தாவது நாள் உங்க தப்பை நீங்களே பிடிப்பீங்க. 'அப்பா என்ன பண்றார்?'னு கேட்டா குரல் ஏன் இறங்கணும்? ஆட்டோ ஓட்டறார், டீக்கடை வெச்சிருக்கார், கூலி வேலைக்குப் போறார்... நிமிர்ந்து சொல்லுங்க. அவர் சம்பாதிச்ச காசுலதான் அந்த நாற்காலி வரைக்கும் வந்திருக்கீங்க.

ரெண்டாவது, பெண்கள்கிட்ட மட்டும் வர்ற கேள்வி: 'கல்யாணம் எப்போ? அப்புறம் வேலைக்கு வருவீங்களா?' ஆள் எடுக்கிறதுல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு 1976 சம ஊதியச் சட்டமே சொல்லுச்சு. 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையேதான் சொல்லுது. இருந்தாலும் கேட்கிறாங்க. சண்டையும் போட வேண்டாம், ஜாதகத்தையும் விரிக்க வேண்டாம். 'அது என் சொந்த விஷயம் சார். வேலையைப் பொறுத்தவரைக்கும் அடுத்த ரெண்டு வருஷத்துக்கு என் திட்டம் இது'ன்னு திட்டத்தைச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் விடாம கேட்டா, அங்கே வேலை செய்யற நாட்கள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே ஒரு தகவல் கிடைச்சாச்சு.

உங்களுக்கும் ஒரு டவுட் இருக்கணும்!

'ஏதாவது கேட்கணுமா?'ன்னு கடைசியில கேட்பாங்க. 'நோ சார், தேங்க்யூ சார்'னு எந்திரிச்சு ஓடாதீங்க. முதல் ஆறு மாசம் என்ன வேலை? யாருக்குக் கீழே? பாண்ட் இருக்கா, எத்தனை மாசம், நடுவுல விலகினா எவ்வளவு? கையில வர்ற சம்பளம் எவ்வளவு? இதெல்லாம் கேட்கலாம், பணிவா. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், சரிபார்க்கலாம். 'இங்கேயே வெச்சுட்டுப் போ'ன்னா நாலு முறை யோசிங்க. டிரெய்னிங் ஃபீஸ், டெபாசிட், யூனிஃபார்ம் காசுன்னு எந்தப் பேர்ல பணம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான், உங்ககிட்ட கேட்க மாட்டான். அம்மா கம்மல் அடகுக்குப் போறது இந்த இடத்துலதான்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. நீங்க போகப் போற முதல் மூணு இன்டர்வியூவை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நேரா, எதிர் சீட்காரரோட டவுட் என்னன்னு ஒரு வரி. அதுக்கு ஆதாரமா உங்க வாழ்க்கையிலேர்ந்து ஒரு சம்பவம். மூணு வரி, மூணு சம்பவம். எழுதி முடிச்சதும் அந்தப் பழைய ஜெராக்ஸ் பேப்பரை என்ன பண்றது? மெஸ்ல பஜ்ஜி போடறாங்க, எண்ணெய் ஒத்தி எடுக்க உதவும்!

அடுத்த வாரம்: ஆஃபர் லெட்டர்ல பொடி எழுத்துல என்ன இருக்கு? கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிப்போம்.

வர்ட்டா!